எமோரிக்கு இன்னொரு சிரட்டை

வைகுலாவில் பஸ் நிற்கிற இடத்தில் தாரைவினியின் கடை இருக்கிறது. கடை என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, ஒரு மேஜை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, தலைக்கு மேல் ஒரு தகரம், அவ்வளவுதான். எண்ணெயில் பொரித்த மாவு அப்பமும் தேநீரும் விற்கிறாள். அப்பத்துக்காகத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று அவளே நம்புவதில்லை. அப்பம் எல்லா வீட்டிலும்தான் பொரிக்கிறார்கள். அவர்கள் வருவது அவளுடைய வாய்க்காக.

காலையில் முதல் பஸ் வந்து குலுங்கி நிற்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். "என்ன டிரைவரே, இந்த வண்டிக்கு பிரேக் போட்டாச்சா, இல்ல இன்னமும் கர்த்தர்தான் வந்து நிறுத்திட்டு இருக்காரா?" என்பாள். டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கி இரண்டு அப்பம் வாங்குவார். வாங்காமல் போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் நகரம் போய்ச் சேரும்வரை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

தாரைவினிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கனத்த உடம்பு, ஆனால் பந்து கைக்கு வந்தால் உடம்பு மறந்துவிடும். அவள் கணவர் சாக்கியூசா தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் சமையல்காரர். வேறு தீவுக்காரர், மனைவியின் ஊரோடு வந்து தங்கிவிட்டவர். கல்யாணத்தன்று 'சம்மதம்' என்று சொன்னதுதான் அவர் வைகுலாவில் பேசிய கடைசி வார்த்தை என்று ஊரில் கேலி செய்வார்கள். அது பொய். ஆனால் ரொம்பப் பெரிய பொய்யும் இல்லை. அந்த வீட்டில் இரண்டு பேருக்கான பேச்சையும் ஒரே ஆள் பேசித் தீர்த்துவிடுவதால் அவருக்கு மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை.

கடைக்கு எதிரே மின்கம்பத்தில் ஓர் இரும்பு வளையம் கட்டியிருக்கிறது. சாயங்காலம் ஆனால் ஊர்ப் பெண்பிள்ளைகள் அங்கேதான் நெட்பால் ஆடுவார்கள், நடுத் தார்ரோட்டில். பஸ் வந்தால் ஆட்டம் நிற்கும். டிரைவரே இறங்கி ஒரு பந்து போட்டுப் பார்த்துவிட்டு ஏறுவதும் உண்டு. தாரைவினி அடுப்பை அணைத்துவிட்டு ரோட்டோரத்தில் நின்று, விசில் இல்லாமலேயே விசிலைவிடச் சத்தமாக நடுவர் வேலை பார்ப்பாள்.

அந்த ரோடு கடல் பக்கம் சரிந்து போகிறது. எங்கள் பிள்ளைகள் சரிவிலேயே ஆடிப் பழகியவர்கள். அதனால் மாவட்டப் போட்டிக்குப் போய்ச் சமதளத்தில் நின்றால் அவர்கள் எறிகிற பந்தெல்லாம் வளையத்துக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் பறக்கும். ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். போன வருஷம் தோற்றுவிட்டுத் திரும்பும்போது ஒரு பெண் பஸ்ஸில் தேம்பினாள். "தாரை அத்தை, நாங்க நல்லாத்தான் ஆடுறோம், அங்க தரைதான் கோணலா இருக்கு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. தாரைவினி சிரிக்கவில்லை. தானும் அந்த வயதில் மாகாண அணிக்குத் தேர்வுக்குப் போய், அதே போல வளையத்துக்கு மேலே எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் அவள். சொந்தக் கைதான் மோசம் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைகளும் அப்படி நினைத்துக்கொண்டு கிழவிகளாகப் போகக் கூடாது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பையன்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஊர் நடுவிலிருக்கும் புல்வெளி முழுவதும் அவர்களுடையது. விடிந்தால் ரக்பி, பொழுது சாய்ந்தால் ரக்பி. பந்து சமையல்கட்டுக்குள் பாய்ந்து மரவள்ளிக் கிழங்குப் பானையைக் கவிழ்த்தால், எடுக்கப் போன பையன் பந்தோடு ஒரு கிழங்கையும் எடுத்துக்கொண்டு வருவான். பானைகள் கவிழ்ந்து கவிழ்ந்து போதும் போதும் என்றான பிறகுதான் ஊர்க்கூட்டத்தில் ஒரு முடிவு வந்தது. ஆற்றங்கரையில் கொப்பரை காயவைத்த பழைய நிலம் சும்மா கிடக்கிறது, அங்கே இளைஞர்களுக்கு ஒரு விளையாட்டுப் பூங்கா கட்டலாம், காசை ஊரே திரட்டிக்கொள்ளலாம் என்றார்கள்.

குழுவுக்குத் தலைவர் எமோரி. ஊர்ப் பொறுப்பாளரும் அவரேதான். அவர் தாரைவினிக்கு அத்தை மகன், அதாவது மச்சான். எங்கள் ஊரில் மச்சானும் மச்சினியும் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். சொல்லாவிட்டால்தான் 'என்ன, இரண்டு பேருக்கும் சண்டையா?' என்று கேட்பார்கள்.

எமோரி படத்தை விரித்துவைத்து, கூட்டத்துக்கு விளக்கினார். "முதல்ல ரக்பி மைதானம், கம்பம். அப்புறம் உடை மாத்த ஒரு அறை. விருந்தாளிங்க உக்கார மேல கூரை போட்ட மேடை. பொண்ணுங்களுக்கு நெட்பால் தளம், அது அடுத்த கட்டம்."

"அடுத்த கட்டம்னா எப்ப மச்சான்?" என்று பின்னாலிருந்து தாரைவினியின் குரல் வந்தது. "இந்தப் பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆகி, அவங்க பொண்ணுங்களுக்கும் கல்யாணம் ஆன பிறகா?"

"காசு வேணாமா தாரை? சிமெண்ட் என்ன உன் அப்ப மாவா, ஒரு மூட்டையை வச்சுக்கிட்டு ஊரையே ஏமாத்த?"

"மேடைக்கு மட்டும் காசு இருக்கா? அதுல உக்காரப் போறது யாரு? நீதான். உன் ஒடம்பைத் தாங்கணும்னா சிமெண்ட் கொஞ்சம் கூடத்தான் ஆகும்."

கூட்டம் பாயைத் தட்டிச் சிரித்தது. எமோரிக்குக் காது சிவந்துவிட்டது. மாகாணப் போட்டிக்கு முன்னால் மேடை எழும்பிவிடும் என்று நகரத்தில் நாலு பேரிடம் அவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். அந்தக் கோபத்தில் வாய் தவறிவிட்டது.

"வாய் இருக்குல்ல உனக்கு? வர்ற சனிக்கிழமை சிரட்டை வசூல்ல நீயே நடுவுல நில்லு. உன் வாயால விழுற காசுல பாதி பொண்ணுங்க தளத்துக்கு. போதுமா?"

"முழுசும்."

"பாதி!"

"சரி, பாதி. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் தாரைவினி, ரொம்ப இனிமையாக.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே எமோரிக்குப் புத்தி வந்துவிட்டது. சிரட்டை வசூல் என்றால் சும்மா இல்லை. யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் பிழிந்து பெரிய மரத்தொட்டியில் வைத்திருப்பார்கள். பார்க்கச் சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும், குடித்தால் நாக்கு மரத்துப்போகும். ஒருவர் ஒரு டாலரைத் தட்டில் போட்டு 'இந்தச் சிரட்டை இன்னாருக்கு' என்பார். இன்னார் குடிக்க வேண்டும். முடியாதென்றால் இரண்டு டாலர் போட்டு அதை வேறு ஒருவர் தலையில் கட்ட வேண்டும். ஆட வை, பாட வை என்று காசு போடுபவர்களும் உண்டு. இதெல்லாம் சூடு பிடிக்க வேண்டுமானால் நடுவில் நிற்கிற ஆளுக்கு வாய் வேண்டும். போன வருஷம் கோவில் கூரைக்காகத் தாரைவினி நின்றபோது, கூரைக்கு மேலே ஒரு மணிக்கூண்டுக்கும் சேர்த்துக் காசு விழுந்தது. அவள் நின்றால் பாதி என்ன, பூங்காவில் ரக்பிக் கம்பத்துக்குப் பதில் நெட்பால் வளையம்தான் முதலில் எழும்பும். மீதிப் பாதி மைதானத்துக்கே சரியாகப் போய்விடும், மேடைக்கு ஒரு செங்கல்கூடத் தேறாது.

மறுநாள் எமோரி மனாசாவின் வீட்டுக்குப் போய், நீங்கள்தான் சனிக்கிழமை தலைமை விருந்தினர் என்று முறைப்படி யங்கோனா வேர் வைத்து அழைத்துவிட்டு வந்தார்.

மனாசா தாரைவினியின் உடன்பிறந்த அண்ணன். ராணுவத்தில் இருந்துவிட்டு, அப்புறம் ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலை பார்த்து, முழங்கால் போய், ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். இளம் வயதில் ரக்பியில் அவரைத் துரத்திப் பிடித்த ஆள் இந்தக் கரையில் கிடையாது. அவரை முன்வரிசையில் உட்கார வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. எமோரியின் தந்திரம் அதில்தான் இருந்தது.

ஏனென்றால் எங்களிடம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. தங்கை பெரியவளானதும் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். பகை ஒன்றும் இல்லை, மரியாதை. ஒரே பாயில் உட்காருவதில்லை, ஒருவர் பெயரை ஒருவர் சொல்வதில்லை. அண்ணன் காதில் விழுகிற தூரத்தில் தங்கை கேலி பேசக் கூடாது, அவள் இருக்கிற இடத்தில் அண்ணனும் கூடாது. அவர்கள் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் மற்றவர்களும் நாக்கை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பேச்சுக்குத்தான் தடை, பாசத்துக்கு இல்லை. மனாசா தூண்டில் போட்டுக் கொண்டுவரும் மீனில் நல்லது எதுவோ அது அவருடைய மனைவி லித்தியானாவின் கையால் தாரைவினியின் வீட்டுக்கு வந்துவிடும். அவர் பஸ்ஸுக்கு வருகிற நாளில் கடை மேஜையின் ஓரத்தில் வாழையிலையில் மடித்த இரண்டு அப்பம் இருக்கும். யாருக்கு என்று யாரும் சொல்வதில்லை. அவர் எடுத்துக்கொள்வார், தாரைவினி அந்த நேரம் பார்த்து குனிந்து அடுப்புத் திரியைச் சரிசெய்துகொண்டிருப்பாள். ஒருமுறை சாக்கியூசாவின் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டபோது மனாசா படகுத்துறையில் நனைந்துகொண்டே நின்றார். கப்பல் விளக்கு தெரிந்ததும், தங்கை ஓடி வருவதற்குள் வேறு வழியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை மண் அடுப்பில் புதைத்துச் சுட்ட பன்றியும் சேம்பும் சாப்பிட்டு முடித்து, மத்தியானம் எல்லோரும் ஊர்க்கூடத்தில் கூடினார்கள். தாரைவினி புது உடுப்பு, காதில் செம்பருத்தி, தொண்டைக்கு எலுமிச்சைச் சாறு என்று முழுத் தயாரிப்போடு உள்ளே நுழைந்தாள். நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மரத்தொட்டிக்கு நேர் எதிரே, கழுத்தில் மாலையோடு, கால் மடக்க முடியாததால் ஒரு நாற்காலியில் மனாசா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எமோரி, ஞானஸ்நானம் வாங்கப்போகிற குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

தாரைவினி பெண்கள் பக்கம் போய், கடைசி வரிசையில், அண்ணி லித்தியானாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன மாமன் மவளே," என்று எமோரி அங்கிருந்தே மெதுவாகக் கேட்டார், "இன்னிக்கு வாய் வலியா?"

அவள் பார்த்த பார்வையில் அவர் சட்டென்று தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்குப் பதிலாக நடுவில் நின்றவர் பள்ளி ஆசிரியர். நல்ல மனிதர். வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, "இவருக்கு ஒரு சிரட்டை வாங்கித் தர எவரேனும் விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். எவரும் விரும்பவில்லை. மற்ற வாயாடிகளும் அண்ணன் தங்கை இருக்கிற இடமாயிற்றே என்று தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் நாலைந்து டாலர் கிடந்தது. ஒரு கிழவர் குறட்டை விட ஆரம்பித்தார். துக்க வீட்டிலாவது யாராவது அழுவார்கள், இங்கே அதுகூட இல்லை.

எமோரிக்கு இப்போதுதான் உறைத்தது. பெண்கள் தளத்துக்குக் காசு விழக் கூடாது என்று பார்த்தார். இப்போது எதற்குமே விழவில்லை.

தாரைவினிக்கு எமோரியைத் திட்ட வேண்டும்போல ஒரு பெரிய வசவு நாக்கு நுனி வரை வந்து வந்து போயிற்று. தளம் கையை விட்டுப் போகிறது, தான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அண்ணன் வீட்டிலேயே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்த உடனே அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

லித்தியானா அவள் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்தாள். குனிந்தபடியே நடந்து போய்க் கணவரின் காதருகே உட்கார்ந்தாள்.

"என்ன இது, எல்லாரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று மனாசா கேட்டது பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"எல்லாம் உங்களாலதான்" என்றாள் லித்தியானா. பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினாள். எமோரி போட்ட பந்தயம், பாதிக் காசு, பெண்கள் தளம், எல்லாவற்றையும் சொன்னாள். மனாசா தங்கை இருந்த பக்கம் திரும்பவே இல்லை. எமோரியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் எமோரிக்கு வியர்த்தது.

"எமோரி, தலைமை விருந்தினர் எந்திரிச்சு வெளிய போகணும்னா என்ன விலை?"

"ஐயோ, அப்படி ஒரு விலையே கெடையாதுங்க. நீங்க கடைசி வரைக்கும் இருக்கணும், அதான் முறை."

மனாசா சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தட்டில் போட்டார். "இப்ப இருக்கு" என்றார்.

கூடத்துக்கு வெளியே ஈரப்பலா மரத்தடியில் ஒரு பழைய படகு கவிழ்ந்து கிடந்தது. மனாசா நொண்டி நொண்டிப் போய் அதன்மேல் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். ஆனால் அதுவும் காதுக்கு எட்டுகிற தூரம்தான். ஜன்னல்களோ எல்லாம் திறந்து கிடந்தன. உள்ளே யாரும் அசையவில்லை. சற்று நேரத்தில் லித்தியானா வீட்டுக்கு ஓடிப்போய் அவருடைய ரேடியோவைக் கொண்டுவந்து கொடுத்தாள். மனாசா அதைத் திருகினார். எங்கோ நடக்கிற ரக்பி ஆட்டத்தின் வர்ணனை மரத்து இலையெல்லாம் அதிர்கிற மாதிரி அலறத் தொடங்கியது. தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று ஊர் முழுக்கத் தெரியட்டும் என்று அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

தாரைவினி எழுந்தாள். இடுப்பில் சூலுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"யாருப்பா இங்க செத்தது?" என்றாள். "காசா? அது இன்னும் சாகல, உங்க பையிலதான் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு!"

கூடமே மூச்சு விட்டது. குறட்டைக் கிழவர் எழுந்து உட்கார்ந்தார்.

"மொதல் சிரட்டை எங்க மச்சானுக்கு. என் காசு, இந்தா. நம்ம விருந்தாளியை மரத்தடில உக்கார வச்ச புண்ணியவான் அவர்தானே!"

எமோரி கை தட்டி வாங்கிக் குடித்தார். காலி என்று எல்லோரும் கத்தினார்கள். அவர் சிரட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்குள் அடுத்த டாலர் விழுந்தது.

"எமோரிக்கு இன்னொரு சிரட்டை! எதுக்கு? அவர் தன் வாழ்நாள்ல ரக்பில ஒரே ஒரு தடவை கோட்டைத் தாண்டிப் பந்தை வச்சார். வச்சது நம்ம பக்கத்துக் கோட்டுல! அந்த வீரத்துக்கு ஒரு டாலர் தர மாட்டீங்களா?"

தந்தார்கள். எமோரி இரண்டு டாலர் போட்டு ஆசிரியர் தலையில் கட்டினார். ஆசிரியர் மரியாதையாக அதைத் திரும்ப எமோரிக்கே கட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து காசு பறந்தது.

"அவர் பொண்டாட்டி பாவம், பாதி ராத்திரில கோவில் மணி அடிக்குதுன்னு எந்திரிச்சு உக்காந்துடுவாளாம். மணி இல்லம்மா, மச்சானோட கொறட்டை! எமோரிக்கு இன்னொண்ணு!"

"போதும் தாரை, நாக்கு மரத்துப்போச்சு" என்று எமோரி கெஞ்சினார்.

"மரக்கட்டும், இன்னிக்கு உன் நாக்கு எதுக்கு? கேளுங்க மக்களே. கோவில்ல காணிக்கைத் தட்டு எடுத்துக்கிட்டு வரும்போது இவர் இடுப்புல கட்டின சூலு அவுந்துச்சே, ஞாபகம் இருக்கா? தட்டைப் புடிக்கிறதா, சூலுவைப் புடிக்கிறதான்னு நின்னாரே! கடைசில எதைப் புடிச்சார்? தட்டை! அப்படி ஒரு பக்தியை எந்த ஊர்ல பாத்திருக்கீங்க? போடுங்க காசை!"

பாதிரியாரின் மனைவியே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்து டாலர் போட்டாள். எமோரி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். என்ன இருந்தாலும் மச்சான். அவள் கேலிக்கு அவரைவிட அதிகமாக யாரும் சிரித்ததில்லை.

அந்தச் சிரிப்பு இரைச்சலில் மழை வந்ததே தெரியவில்லை. ஜன்னல் பக்கம் இருந்தவர்கள்தான் பார்த்தார்கள். மனாசா படகின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். உள்ளே வாருங்கள் என்று கைகாட்டினார்கள். வரமாட்டேன் என்று தலையாட்டினார். உள்ளே வந்தால் தங்கையின் வாய் அடைத்துப்போகும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தாரைவினி தன் பையிலிருந்து ஒரு டாலரை எடுத்தாள். "இது சிரட்டைக்கு இல்ல. மச்சான் போய் நம்ம விருந்தாளிக்குக் குடை புடிக்கணும். முடியாதுன்னா ரெண்டு டாலர்."

"போறேன்" என்றார் எமோரி. காசு இல்லாமல் இல்லை. குடை பிடிக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு, குடித்த யங்கோனாவின் தயவில் தூணையும் சுவரையும் பிடித்துப் பிடித்து இறங்கினார். ஜன்னல் வழியாகத் தாரைவினி பார்த்தாள். முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அண்ணன், பக்கத்தில் தள்ளாடி நிற்கிற எமோரி, ஒரே குடை. அவள் திரும்பிவந்து இன்னும் ஒரு மணி நேரம் காசைக் கறந்தாள்.

கடைசியில் ஆசிரியர் தட்டை எண்ணினார். மறுபடி ஒருமுறை எண்ணினார். ஊர்க்கூடத்தில் இவ்வளவு விழுந்ததே இல்லை என்றார். எல்லோரும் ஆரவாரம் செய்து முடித்த பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியையும் சொன்னார். தாரைவினிக்குப் பேசியபடி பாதி. அந்தப் பாதியில் பெண்கள் தளத்துக்கு மணலும் கம்பமும் வரும். சிமெண்ட் வராது.

"அப்ப வளையம் இருக்கும், தரை இருக்காது" என்றாள் தாரைவினி. வேடிக்கையாகத்தான் சொல்லப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு மத்தியானம் முழுவதும் கத்திய தொண்டை திடீரென்று வலித்தது. மழை பெய்தால் ஆற்றங்கரைச் சேற்றில் பிள்ளைகள் எப்படி ஆடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே லித்தியானாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எமோரி உள்ளே வந்தார். ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்திருந்தது. நேராகத் தாரைவினியிடம் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்து சொன்னார். மரத்த நாக்கில் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"தாரை, அந்த ரேடியோல பேட்டரி தீந்துபோச்சு."

"எப்ப?"

"நான் குடை எடுத்துக்கிட்டுப் போகும்போதே நின்னு கெடந்துச்சு. எப்ப நின்னுச்சோ."

தாரைவினிக்கு உடம்பு முழுக்கக் கூசியது. "சூலு அவுந்த கதை..."

"அதுவும்தான் கேட்டிருக்கும். தோள் குலுங்கிக்கிட்டே இருந்துச்சு. நான் மழைல நடுங்குறார்னு நெனச்சேன்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எமோரி நிமிர்ந்து, கூடத்தைப் பார்த்துத் தலைவர் குரலில் பேசினார். கையில் ஈரமான ஒரு காகித உறை இருந்தது.

"நம்ம விருந்தாளி சொல்லி அனுப்பினதை அப்படியே சொல்றேன். இன்னிக்கு ரேடியோல ஆட்டத்தை வர்ணனை பண்ணினாங்களே, அது ரொம்ப நல்லா இருந்துச்சாம். எத்தனையோ நாட்டுல கேட்டிருக்காராம், இந்த மாதிரி ஒரு குரலை எங்கயும் கேட்டதில்லையாம். அதனால தலைமை விருந்தினரா அவர் தர்ற காணிக்கை, இதுல இருக்கறது முழுசும், அந்த வர்ணனை சொன்ன ஆள் எந்தத் தளத்துக்குக் கேக்கறாங்களோ அதுக்குத்தானாம். பாதி இல்ல. முழுசும்."

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் தாரைவினியைப் பார்த்தார்கள். சின்ன வயதில் ஒரே பாயில் புரண்ட அண்ணன், அப்புறம் வாழ்க்கை முழுவதும் ஒரு வார்த்தை பேசாதவர், பேசக் கூடாதவர். அவள் குரல் அவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதே அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஊரெல்லாம் கேட்டுச் சிரிக்கிற குரல், வீட்டுப் பெண்ணுக்கு இத்தனை வாய் ஆகாது என்று அவர் நினைக்கிறாரோ என்று பல நாள் பயந்திருக்கிறாள். அவள் வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதாள். லித்தியானாவும் சேர்ந்து அழுதாள். எமோரியும் அழுதார், ஆனால் அவர் அன்றைக்குக் குடித்திருந்ததற்கு எதற்கு வேண்டுமானாலும் அழுதிருப்பார்.

காணிக்கை தந்தவருக்குச் சிரட்டை போக வேண்டும். தாரைவினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தொட்டியிலிருந்து தன் கையாலேயே விளிம்பு வரை மொண்டாள். அதை லித்தியானாவிடம் கொடுத்தாள்.

"என்னன்னு சொல்லட்டும் தாரை?"

"ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி. சிந்தாம கொண்டுபோங்க."

மழையில் மனாசா அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கடலைப் பார்த்தபடியே முறைப்படி மூன்று முறை கை தட்டினார். உள்ளே கூடம் முழுவதும் அவரோடு சேர்ந்து தட்டியது. தாரைவினி ஜன்னலருகில் நின்று தானும் தட்டினாள்.

அதற்குள் ஆசிரியர் உறையில் இருந்ததை எண்ணிவிட்டு, சிமெண்டுக்குப் போதும் என்று தலையாட்டினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எமோரியின் பக்கம் திரும்பினாள்.

"மச்சான், சிமெண்ட் எப்ப வருது?"

"திங்கக்கெழம" என்றார் எமோரி, சுவரைப் பிடித்துக்கொண்டு.

"மொதல்ல எந்தப் பக்கம் கொட்டுவ?"

"பொண்ணுங்க பக்கம்."

"சமமா போடணும்" என்றாள் தாரைவினி. "துளி சரிவு இருந்தாலும் ஒடச்சுட்டு மறுபடி போட வைப்பேன்."